அரசனுக்கு விடுத்த எச்சரிக்கை: ‘செக்’ என்னும் சொல்லின் வரலாறு

தமிழ் பேசுவோர் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘செக்’ என்பது பொருள்வகையால் மிக விரிந்த ஒன்றாகும். வங்கியில் கொடுக்கும் காசோலையும் செக். சட்டைத் துணியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கட்டமும் செக். மருத்துவமனையில் உடலைச் சோதித்துக்கொள்வது செக்கப். பேருந்தில் பயணச்சீட்டைப் பார்வையிட ஏறுபவர் செக்கர். எல்லையில் வண்டிகளை நிறுத்தும் இடம் செக்போஸ்ட். ஓடையின் குறுக்கே நீரை மறித்துக் கட்டும் சிற்றணை செக்டேம். சதுரங்கத்தில் அரசன் தாக்குதலுக்கு உள்ளாவது செக். அரசியல் களத்தில் ஒருவர் மற்றொருவரின் வழியை அடைப்பது ‘செக் வைப்பது’. இவற்றைத் தமிழாக்க முனைந்தவர்கள் ஒற்றைச் சொல்லால் அவ்வேலையை முடிக்க இயலாமல், காசோலை, கட்டம், பரிசோதனை, சரிபார்ப்பு, சோதனைச் சாவடி, தடுப்பணை என்று பொருளுக்கு ஒரு சொல்லாகத் தேடவேண்டியிருந்தது.

அகராதிகள் இப்பொருள்களை எண்ணிட்டு அடுக்கி வைக்கின்றன. அந்த அடுக்கைப் பார்ப்பவருக்கு, ஒன்றோடொன்று தொடர்பற்ற சொற்கள் தற்செயலாக ஒரே ஒலியைப் பெற்றுவிட்டனபோலத் தோன்றக்கூடும். உண்மையில் அவை ஓர் ஆட்டப்பலகை, ஒரு கறுப்புத் துணி, இரண்டாகப் பிளந்த ஒரு கோல், ஒரு தாள் என மனிதர் கையாண்ட பொருள்களின் வழியே ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. அப்பொருள்களை வரிசையாக எடுத்து நோக்கும்போது, அதிகாரம் உடையவனை நிறுத்திக் கணக்குக் கேட்கும் செயல்தான் இச்சொல்லின் நெடும்பயணத்தை இணைக்கும் இழை என்பது விளங்கும்.

ஆட்டப்பலகையிலிருந்து

இச்சொல்லின் வேர் இந்தியாவில் தோன்றிய ஓர் ஆட்டத்தோடு பிணைந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு உறுப்புகளைக் கொண்ட படையைக் குறிக்கும் ‘சதுரங்கம்’ என்ற பெயரால் வட இந்தியாவில் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் ஆடப்பட்ட அந்த ஆட்டம், பாரசீகத்துக்குச் சென்று ‘சத்ரங்’ எனவும், 7ஆம் நூற்றாண்டில் அரபியர் பாரசீகத்தை வென்றபின் அரபு மொழியில் ‘ஷத்ரஞ்ச்’ எனவும் வழங்கலாயிற்று. பாரசீகர் அரசனை ‘ஷா’ என்று அழைத்தனர். எதிரியின் அரசனைத் தாக்கும் காயை நகர்த்தியவர் ‘ஷா’ என்று சொல்லி எச்சரிப்பது வழக்கமாக இருந்தது. அரசன் தப்ப வழியின்றி அகப்பட்டுக்கொண்டால் ‘ஷா மாத்’ என்றனர். அரபியில் ‘மாத்த’ என்பது இறந்தான் என்று பொருள்படுவதால் இத்தொடருக்கு ‘அரசன் இறந்தான்’ எனப் பலர் பொருள் கூறினாலும், பாரசீகத்தில் ‘மாத்’ என்பது திகைத்துச் செயலற்றுப்போன நிலையையே குறிக்கும். சதுரங்கத்தில் அரசனைப் பலகையிலிருந்து எவரும் வெட்டி எடுப்பதில்லை. அவன் செயலற்று நிற்பதோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது என்பதால், பாரசீகப் பொருளே ஆட்டத்தின் இயல்புக்கு ஏற்றதாக உள்ளது.

அரபியர் ஆண்ட ஸ்பெயின் முதலிய வழிகளில் ஆட்டம் ஐரோப்பாவை அடைந்தபோது ‘ஷா’ என்னும் ஒலி இலத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ என்றும், பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றும் திரிந்து, இங்கிலாந்தை நார்மானியர் வென்றபின் அவர்களது பிரெஞ்சின் வழியே ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. அதன் பன்மை வடிவமே ‘செஸ்’ என்று ஆட்டத்துக்குப் பெயராக நின்றது. ஜெர்மானியரின் ‘ஷாக்’, ரஷ்யரின் ‘ஷாக்மத்தி’ ஆகிய பெயர்களும் அதே வேரின் கிளைகள். பிறந்த நாட்டில் படையின் நான்கு உறுப்புகளால் பெயர்பெற்ற ஆட்டம், மேற்கே செல்லச் செல்ல அரசனுக்கு விடுக்கும் எச்சரிக்கையால் பெயர்பெற்றது என்பது கருதத்தக்கது. செக் என்ற சொல் முதலில் ‘அரசன்’ என்று பொருள்பட்டு, அடுத்து ‘அரசே, உமக்கு ஆபத்து’ என்னும் அறிவிப்பாகி, பின்பு அந்த ஆபத்தையே குறித்தது.

பலகையின் தோற்றமும் இந்த வரலாற்றில் பங்குகொண்டது. இந்தியரும் அரபியரும் பயன்படுத்திய பலகையில் 8க்கு 8 என்ற முறையில் கோடுகள் மட்டுமே இருந்தன. கட்டங்கள் யாவும் ஒரே நிறமாயிருந்தன. ஒன்றுவிட்டு ஒன்றாக இரு நிறம் தீட்டுவது ஐரோப்பியர் சேர்த்தது. 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்ற செஸ் ஒலிம்பியாடை முன்னிட்டுச் சென்னையின் நேப்பியர் பாலத்துக்குத் தீட்டப்பட்ட கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், இந்தியாவில் பிறந்த ஆட்டம் ஐரோப்பிய ஆடை உடுத்தித் திரும்பியதன் அடையாளம் எனலாம். இவ்விரு நிறக் கட்டத்தின் பெயராகவே ‘செக்கர்’ என்ற சொல் எழுந்தது. அதன் சுருக்கமே துணிக் கட்டத்தைக் குறிக்கும் ‘செக்’.

கறுப்புத் துணி விரித்த மேசை

ஆட்டச் சொல் ஆட்சிச் சொல்லாக மாறியது 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆகும். முதலாம் ஹென்றி மன்னன் காலத்தில், ஏறத்தாழ 1110ஆம் ஆண்டளவில், அரச வருவாயைத் தணிக்கை செய்யும் ஓர் அவை உருப்பெற்றது. அதன் பெயர் ‘எக்ஸ்செக்கர்’; சதுரங்கப் பலகை என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். இன்றும் பிரித்தானிய நிதியமைச்சர் எக்ஸ்செக்கரின் சான்சலர் என்றே அழைக்கப்படுகிறார். அந்த அவையின் நடைமுறைகளை உள்ளிருந்து அறிந்த பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வடிவில் இலத்தீனில் எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது. தேம்ஸ் ஆற்றை ஒட்டிய கோபுரத்தின் சாளரத்தருகே அவர் அமர்ந்திருந்தபோது இவ்வுரையாடல் தொடங்கியதாக நூல் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது.

அந்நூலின்படி எக்ஸ்செக்கர் என்பது ஏறத்தாழ 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட ஒரு மேசை. மேலே வைப்பது எதுவும் உருண்டு விழாதபடி அதன் நான்கு புறமும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு எழுப்பப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் ஈஸ்டர் தவணையில் வாங்கப்பட்ட கறுப்புத் துணி அதன்மேல் விரிக்கப்படும். துணியில் ஓர் அடி அல்லது விரித்த கையளவு இடைவெளி விட்டுக் கோடுகள் ஓடும். கோடுகளுக்கு இடைப்பட்ட பத்திகள் வலமிருந்து இடமாகப் பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு பவுண்டு, ஆயிரம் பவுண்டு, பத்தாயிரம் பவுண்டு என மதிப்பு ஏறிச்செல்லும். கணக்கிடுபவர் அப்பத்திகளில் நாணயங்களைக் காய்களாக வைத்து நகர்த்துவார்.

இத்தகைய மேசை தேவைப்பட்டதற்குக் காரணம் அக்கால எண்முறையே. சுழியும் இடமதிப்பும் இல்லாத ரோமன் எண்களில் தொகையை எழுதி வைக்க முடியுமே தவிர, எழுதியபடியே கூட்டவும் கழிக்கவும் இயலாது. அதோடு 12 பென்னிக்கு ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங்குக்கு ஒரு பவுண்டு என்ற நாணய முறை கணக்கை மேலும் கடினமாக்கியது. ஓர் அதிகாரி 143 பவுண்டு 7 ஷில்லிங் 5 பென்னி செலுத்தவேண்டும் என்று கொண்டால், நூறின் பத்தியில் ஒரு காயும், இருபதின் பத்தியில் இரண்டும், பவுண்டின் பத்தியில் மூன்றும், ஷில்லிங்கின் பத்தியில் ஏழும், பென்னியின் பத்தியில் ஐந்தும் ஒரு வரிசையாக வைக்கப்படும். அவர் செலுத்திய தொகை அதற்குக் கீழே மற்றொரு வரிசையாக வைக்கப்படும். மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசைக்கு ஈடான காய்களை நீக்கிக்கொண்டே வரும்போது எஞ்சுவது பாக்கி. எழுத்தறியாதவரும் தம் கண்முன்னே கணக்கு தீர்வதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி அமைந்தது அம்முறை.

கணக்குக் கொடுக்க வேண்டியவர் ‘ஷெரிஃப்’, அதாவது ஒரு மாவட்டத்தில் அரசனின் பெயரால் வரி தண்டி ஆட்சி நடத்திய அதிகாரி. சென்னை நகரில் 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்த ‘ஷெரீப்’ என்னும் மதிப்புறு பதவி அப்பெயரின் நெடுந்தொலைவு நீட்சியே. தம் மாவட்டத்தில் எவரும் எதிர்த்துப் பேச இயலாத செல்வாக்கோடு விளங்கிய அவர், ஈஸ்டரில் ஒருமுறையும் அதன்பின் செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளை ஒட்டி மற்றொருமுறையும் அந்த மேசைக்கு வந்தாகவேண்டும். மேசைக்குச் சதுரங்கப் பலகையின் பெயர் ஏன் வந்தது என்று நூலில் மாணவர் வினவ, வடிவ ஒற்றுமையை முதற்காரணமாகக் காட்டும் ஆசிரியர் அதோடு நின்றுவிடவில்லை: சதுரங்கத்தில் போர் இரு அரசர்களுக்கிடையே நடப்பதுபோல இங்கே பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும் இடையே போர் நடக்கிறது, சுற்றி அமர்ந்தோர் தீர்ப்புரைக்கும் நடுவராகப் பார்த்திருக்கின்றனர் என்று விளக்குகிறார். பலகையில் அரசனுக்கு விடுத்த எச்சரிக்கை, மேசையில் அரசனின் அதிகாரிக்கு விடுக்கும் எச்சரிக்கையாக மாறியதை அக்காலத்தவரே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மேசை விரிப்பின் பெயர் அலுவலகத்துக்கு ஆகிவந்தது இதில் மட்டும் நிகழ்ந்ததன்று. பிரெஞ்சில் எழுதுமேசைமேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணியின் பெயரே முதலில் மேசைக்கும், பின்பு அலுவலகத்துக்கும் ஆகி ‘பீரோ’ என்று நின்றது. தமிழில் அது துணிமணி வைக்கும் இரும்பு அலமாரிக்குப் பெயராகிவிட்டது.

பிளந்த கோல்

எக்ஸ்செக்கரில் பணம் செலுத்தியவருக்குக் கொடுத்த பற்றுச்சீட்டு தாளாலோ தோலாலோ ஆனதன்று. அது ‘டேலி’ எனப்பட்ட மரக்கோல். பெரும்பாலும் ஹேசல் என்னும் மரத்தின் குச்சியில் செலுத்திய தொகை வெட்டுகளாகக் குறிக்கப்பட்டது. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கையின் தடிமன் அளவும், நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அளவும், இருபது பவுண்டுக்குச் சுண்டுவிரல் அளவும், ஒரு பவுண்டுக்குப் பருத்த வாற்கோதுமை மணியின் அளவும், ஷில்லிங்குக்கு அதனினும் சிறியதாகவும் வெட்டு அமையும். பென்னிக்கு மரத்தைச் செதுக்கி எடுக்காமல் ஒரு கீறல் மட்டும் போடப்படும். வெட்டியபின் கோலை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பர். இரு பாதியிலும் அதே வெட்டுகள் பாதிபாதியாக இருக்கும். ‘ஸ்டாக்’, அதாவது அடிமரம் அல்லது கட்டை எனப்பட்ட நீண்ட பாதி பணம் கொடுத்தவருக்கும், ‘ஃபாயில்’, அதாவது இலை எனப்பட்ட குறும்பாதி கருவூலத்துக்கும் உரியன. கணக்கு நாளன்று இரு பாதியையும் சேர்த்துப் பார்த்தால், வெட்டும் மரத்தின் இழையும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். ஒருவர் தம் பாதியில் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டால் மறுபாதி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரட்டைப் படியின் வழியே உண்மையை உறுதிசெய்யும் இந்த முறை பல வடிவங்களில் பரவியது. ஒரே தோலில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, இடையே பற்கள்போல வளைந்து வளைந்து வெட்டி, ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்ட பத்திரம் ‘இண்டெஞ்சர்’ எனப்பட்டது. பல்வெட்டு என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். 1860ஆம் ஆண்டு நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலுக்குச் சென்று இறங்கியவர்களையும், அவர்களுக்கு முன்னும் பின்னும் மொரீஷியஸ், ஃபிஜி, மார்டினிக் எனப் பல தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழரையும் கட்டிப்போட்ட ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆங்கிலத்தில் அமைந்த பெயர் இந்தப் பல்வெட்டிலிருந்து வந்ததே. ஏமாற்றைத் தடுக்க இரு தரப்புக்கும் சமமாகப் பிறந்த ஒரு முறை, படிக்கத் தெரியாத ஒரு தரப்பைப் பிணைக்கும் கயிறாக மாறிய கொடுமையை அந்தப் பெயர் இன்றும் சுமந்து நிற்கிறது.

மரக்கோல்களை ஒழிக்க 1782ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆயினும் பதவியிலிருந்த பழைய அதிகாரிகளின் காலம் முடியும்வரை, 1826 வரையில், அவை வழக்கில் இருந்தன. பயனற்றுக் குவிந்துகிடந்த கோல்களை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் அவையின் அடியிலிருந்த உலைகளில் இட்டு எரித்தபோது புகைப்போக்கிகள் அளவுமீறிச் சூடேறித் தீப்பற்றி, வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதி அன்றிரவே அழிந்தது. இன்று தேம்ஸ் கரையில் காணப்படும் நாடாளுமன்றக் கட்டடம் அத்தீக்குப்பின் எழுந்தது.

தடுத்தலும் சரிபார்த்தலும்

ஆட்டத்தில் ‘செக்’ என்றதும் எதிரி தன் திட்டம் அனைத்தையும் நிறுத்திவைத்து அரசனைக் காக்கவேண்டும். இதனால் அச்சொல் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சட்டென நிறுத்துதல் என்னும் பொருளைப் பெற்று, கண்டித்தல், அடக்குதல், வரம்புக்குள் வைத்தல் என விரிந்தது. ஓடும் நீரை மறிக்கும் செக்டேம் இந்தக் கிளையைச் சேர்ந்தது. சரிபார்த்தல் என்னும் பொருள் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது தெளிவாகத் தெரிகிறது. ஒரு கணக்கை அதன் மறுபடியோடு ஒப்பிடுவது மோசடியை நிறுத்திவைக்கும் தடை என்பதால், ஒப்பிடும் செயலே செக் எனப்பட்டது. இன்று மிகுதியாக வழங்கும் பொருள் தடுத்தல் என்னும் பொருளின் பிள்ளை என்பதை ‘செக்போஸ்ட்’ நினைவூட்டுகிறது. அங்கே நிறுத்துவதும் சோதிப்பதும் ஒரே செயலின் இரு பாதிகள். போர்க்காலத்தில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்த தமிழருக்கு அச்சொல் சுமந்த கனம் எந்த அகராதியிலும் அடங்காதது.

இந்தப் பொருள் மாற்றத்துக்குத் துணைநிற்கும் மற்றொரு சொல் ‘கண்ட்ரோல்’. எதிர்ச்சுருள், அதாவது மூலக் கணக்குச் சுருளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனியே வைக்கப்படும் மறுசுருள் என்பதே அதன் பழைய பொருள். அச்சுருளைக் காத்தவர் ‘கண்ட்ரோலர்’. கணக்கு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லோடு குழப்பி எழுதியதால் அது ‘கம்ப்ட்ரோலர்’ என்ற எழுத்துவடிவையும் பெற்றது. ‘ஆடிட்’ என்பதன் வேர்ப்பொருளோ கேட்டல். கணக்கை ஒருவர் உரக்கப் படிக்க, அதிகாரிகள் கேட்டுச் சரிபார்த்த காலத்தின் எச்சம் அது.

காசும் ஓலையும்

வங்கிக் காசோலைக்கு இப்பெயர் வந்ததும் மறுபடியின் வழியேதான். லண்டன் வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தம் பணத்தை வைத்திருந்த பொற்கொல்லர்களுக்கும் வங்கியாளர்களுக்கும், இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று கைப்பட எழுதிய சீட்டுகளை அனுப்பினர். அவை அப்போது செக் எனப்படவில்லை. 1696 முதல் எக்ஸ்செக்கர் வெளியிட்ட கடன் பத்திரங்களைப் போன்ற ஆவணங்களில், பத்திரத்தைக் கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்தில் எஞ்சும் துண்டே செக் எனப்பட்டது. பத்திரம் திரும்பி வரும்போது போலியா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவியதால் அது அப்பெயர் பெற்றது. 18ஆம் நூற்றாண்டில் அப்பெயர் மெல்ல இடம்பெயர்ந்து, கிழித்துக் கொடுக்கப்படும் தாளுக்கே உரியதாயிற்று. எக்ஸ்செக்கர் என்ற சொல்லின் எழுத்துமுறையைப் பின்பற்றிப் பிரித்தானியர் காசோலையைத் தனி எழுத்துகளால் எழுதத் தொடங்க, அமெரிக்கர் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டனர்.

இவ்விடத்தில் தமிழின் சொல்லாக்கம் எண்ணி மகிழத்தக்கது. காசோலை என்னும் சொல்லில் உள்ள ஓலை பனையின் இலை. எக்ஸ்செக்கரில் கோலின் ஒரு பாதி ‘ஃபாயில்’ என்று இலையின் பெயரைப் பெற்றிருந்தது. எஞ்சும் துண்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கவுண்டர்ஃபாயில்’ என்பதும் எதிர் இலை என்றே விரியும். பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் கிழித்தபின் நிற்கும் அப்பகுதியைத் தமிழ்நாட்டு அலுவலகங்களில் ‘அடிக்கட்டை’ என்கின்றனர். வெட்டிய மரத்தில் தரையோடு எஞ்சும் பகுதிக்கும் அதுவே பெயர். மறுபாதிக்கு ஆங்கிலேயர் இட்ட ‘ஸ்டாக்’ என்ற பெயரும் அடிக்கட்டையையே குறித்தது. இரு மொழிகள் ஓர் ஆவணத்தின் இரு பகுதிகளை இலையாகவும் கட்டையாகவும் கண்டிருப்பது, பொருளைக் கையில் வைத்துப் புழங்கியவர்கள் சொல் படைக்கும் விதம் எங்கும் ஒத்திருப்பதைக் காட்டுகிறது.

இந்தியாவில் காசோலை வருமுன்னரே உண்டியல் இருந்தது. நகரத்தார் முதலிய வணிகர்கள் ஓரூரில் வாங்கிய பணத்தை வேற்றூரில் தம்மவர் கொடுக்கும்படி எழுதிய அச்சீட்டு, எழுதியவரின் சொல்மதிப்பையே பெரிதும் நம்பி நின்றது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் காசோலைக்கு இலக்கணம் வகுத்தது. பணமின்றித் திரும்பும் காசோலையைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஓராண்டாக இருந்த சிறைத்தண்டனையின் உச்சவரம்பு 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரண்டாண்டாக உயர்ந்தது. தாளைக் கட்டுகட்டாகத் தீர்வகத்துக்கு அனுப்பாமல் அதன் படிமத்தை மட்டும் அனுப்பும் முறை 2008இல் புதுதில்லியிலும் 2011இல் சென்னையிலும் தொடங்கியது. மரம் தோலாகி, தோல் தாளாகி, தாள் ஒளிப்படிமமாகிய பின்னும், ஒன்றை அதன் மறுபாதியோடு ஒப்பிட்டபின்னரே பணம் கைமாறுகிறது.

மெட்ராஸ் கட்டம்

துணிக் கட்டத்துக்கு ஆங்கிலேயர் கொடுத்த பெயர் சதுரங்கப் பலகையிலிருந்து வந்ததென்றால், அக்கட்டத்தை உலகெங்கும் கொண்டுசென்ற துணிக்குச் சென்னையின் பெயரே அமைந்தது. 1639இல் கிழக்கிந்தியக் கும்பினி சோழமண்டலக் கரையில் சென்னைப்பட்டினத்தைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணங்களுள் ஒன்று அங்குத் துணி மலிவாகக் கிடைத்தது. 1734இல் கும்பினி நெசவாளரைக் குடியேற்றி அமைத்த ஊரின் பெயர் சின்னத்தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

கட்டம் நெய்வது எண்ணி எண்ணிச் செய்யும் வேலை. பாவு ஓட்டும்போதே இத்தனை இழை சிவப்பு, இத்தனை இழை நீலம், இத்தனை இழை வெள்ளை என்று கணக்கு வகுக்கப்படுகிறது. தறியில் அதே கணக்குப்படி ஊடு நூலின் நிறத்தை மாற்ற நெசவாளர் நாடாவை மாற்றிக்கொண்டே வரவேண்டும். சிவப்புப் பாவைச் சிவப்பு ஊடு வெட்டும் இடத்தில் நிறம் அழுந்தி விழும். சிவப்பை வெள்ளை வெட்டும் இடத்தில் அது பாதியாக இளகும். ஓரிடத்தில் இரண்டு இழை கூடிப்போனால் சதுரம் நீண்டு, துண்டு முழுதும் கட்டம் கோணிவிடும். நீலத்துக்கு அவுரியும் சிவப்புக்குச் சாயவேரும் பயன்பட்டன.

இத்துணி ‘மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்ற பெயரில் ஏற்றுமதியாயிற்று. ‘கர்ச்சீஃப்’ என்பது பழைய பிரெஞ்சில் தலையை மூடுவது என்று பொருள்படும்; இத்துணியின் பெரும்பயனும் தலைக்கட்டாகவே இருந்தது. மார்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா ஆகிய கரீபியத் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் கட்டத்துணிக்கு ‘மெட்ராஸ்’ என்றே பெயர். 1850களில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் மார்டினிக்கிலும் குவாதலூப்பிலும் கால்வைத்தபோது, தமிழ் மண்ணின் ஒரு நகரப் பெயர் அவர்களுக்கு முன்பே அங்குள்ளவர் தலையில் ஏறியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இத்துணியை ‘இஞ்சிரி’ என்கின்றனர். அவர்கள் அதிலுள்ள வெளிர்நிற இழைகளை ஊசிமுனையால் தூக்கி வெட்டி உருவியெடுத்து, எஞ்சிய இழைகளில் புதிய உருவங்கள் தோன்றச் செய்து, தம் சடங்குகளுக்கு உரிய துணியாக மாற்றிக்கொண்டனர்.

இந்த வாணிகத்தின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்க ஐரோப்பியர் கொடுத்த சரக்குகளில் சோழமண்டலத் துணிகளுக்கு முதன்மையான இடம் இருந்தது. எண்ணி எண்ணி நெய்த கட்டம், மனித உயிர்க்கு விலையாக எண்ணிக் கொடுக்கப்பட்டது. அத்துணியை நெய்தவர்கள் அதை அறியார்.

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க இளைஞர் இத்துணிச் சட்டைகளை விரும்பி அணிந்தனர். துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்ததைக் குறையாகக் கொள்ளாமல், ‘கசியும் மெட்ராஸ்’ என்று 1960களில் அங்குக் கொண்டாடினர். தமிழகத்திலோ குடியாத்தம், குறிஞ்சிப்பாடி லுங்கிகளிலும் செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலைகளிலும் கட்டம் எந்த ஆங்கிலப் பெயரும் இன்றி ஓடிக்கொண்டிருக்கிறது. செக் என்ற சொல்லைப் போலவே தமிழில் ‘கட்டம்’ என்ற சொல்லும் துணியிலும், சாதகத்திலும், ஆடுகளத்திலும், செய்தித்தாளிலும், வாழ்க்கையின் ஒரு காலப்பகுதியிலும் புழங்குவது, பொருள் கிளைத்தல் ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய இயல்பன்று என்பதை உணர்த்தும்.

கணக்குக் கேட்கும் உரிமை

அரசனை எச்சரிக்கும் சொல் நெடுங்காலம் அரசனின் கருவூலத்துக்கு உழைத்தபின், 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் ஆள்வோரை நோக்கித் திரும்பியது. அதிகாரத்தை அதிகாரமே தடுக்கவேண்டும் என்னும் கருத்தை மாண்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட தம் சட்டவியல் நூலில் வளர்த்தெடுத்தார். 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசமைப்பு, சட்டமன்றம் நிறைவேற்றும் சட்டத்தைக் குடியரசுத்தலைவர் மறுக்கலாம், அம்மறுப்பை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் மீறலாம் என அதற்கு உருக்கொடுத்தது. இவ்வகைத் தடைகளைக் குறிக்க அந்நாட்டார் எடுத்துக்கொண்ட சொல் செக். இந்திய அரசமைப்பின் 148ஆம் உறுப்பு வகுக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையர் பதவியின் ஆங்கிலப் பெயரில் எதிர்ச்சுருள் காத்த கம்ப்ட்ரோலரும் கணக்கைக் கேட்ட ஆடிட்டரும் சேர்ந்தே நிற்கின்றனர். பிரித்தானியாவில் 1866ஆம் ஆண்டுச் சட்டம் எக்ஸ்செக்கரின் பணிகளோடு தணிக்கையை இணைத்து உருவாக்கிய பதவியின் வழிவந்த பெயர் அது. அவரது அறிக்கை நாடாளுமன்றத்தின்முன் வைக்கப்படும்போது, கறுப்புத் துணி விரித்த மேசையின் எதிர்ப்புறத்தில் ஷெரிஃபுக்குப் பதில் அரசே அமர்கிறது.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இதை ஒருபடி கீழே, மண்ணுக்கு அருகே கொண்டுவந்தது. திட்டத்தின் பணிகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்யவேண்டும் என்று அதன் 17ஆம் பிரிவு விதித்தது. அச்சட்டத்தின்கீழ் ஊர்தோறும் நடந்த வேலைகளுள் ஒன்று ஓடைகளில் செக்டேம் கட்டுவது. சபை கூடும் நாளில் தடுப்பணையின் நீள அகலமும், வேலை செய்தவர் பெயரும், கொடுத்த கூலியும் உரக்கப் படிக்கப்படவேண்டும். கேட்டிருப்பவர்கள் அந்த அணைக்கு மண் சுமந்தவர்களே. எழுத்தறியாதவரும் கண்டு புரிந்துகொள்ளும்படி ஒரு மேசைமேல் காய்களை நகர்த்திய முறையும், எழுத்தறியாதவரும் கேட்டு மறுக்கும்படி கணக்கை வாசிக்கும் முறையும் எட்டு நூற்றாண்டுகளுக்கு அப்பால் ஒன்றை ஒன்று தொடுகின்றன. அன்று அரசனின் ஆள் கேட்டான், ஷெரிஃப் விடை சொன்னார். இன்று, வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே எழுதிய நாள்களின் எண்ணிக்கை தவறு என்று ஒரு தொழிலாளி எழுந்து சொல்லும்போது, பாரசீக ஆட்டக்காரர் பலகையின்முன் உரக்கச் சொன்ன எச்சரிக்கையே அவர் வாயிலிருந்து வருகிறது.